கழுத்தில் ஒரு காவல்

மனிதனுக்கு அச்சம் பிறவிச் சொத்து. இருட்டுக்கு அஞ்சுகிறான், இடிக்கு அஞ்சுகிறான், நோய்க்கும் பகைக்கும் இன்னும் விடியாத நாளைக்கும் அஞ்சுகிறான். அதனால்தான், எந்தத் தேசத்தை எடுத்துக் கொண்டாலும், கழுத்திலோ கையிலோ இடுப்பிலோ ஏதாவது ஒன்றைக் கட்டிக் கொள்ளாத ஜனங்களைக் காண்பது அரிதாக இருக்கிறது. நம் முன்னோர் குழந்தைகளுக்கு ஐம்படைத்தாலி அணிவித்தார்கள். திருமாலின் சங்கும் சக்கரமும் வில்லும் வாளும் தண்டும் சின்னஞ்சிறு உருவங்களாகக் குழந்தையின் மார்பில் கிடந்து ஆடும். தண்டாயுதத்தைத் தூக்கிப் பகைவனை அடிக்கும் வயதா அது? தாயின் கவலைதான் அப்படி ஆயுத வடிவம் எடுத்து அங்கே தொங்கியது.

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களிடம் இந்தக் கவலை பதக்கமாக வடிவெடுத்தது. கட்டை விரல் நகத்தின் அளவே உள்ள ஓர் உலோகத் துண்டு. ஒரு பக்கம் மாதாவின் உருவமோ ஒரு புனிதரின் உருவமோ இருக்கும். மறுபக்கம் சிலுவையோ சில எழுத்துக்களோ இருக்கும். கறுப்பு நூலில் கோத்துக் கட்டிக் கொள்ளும் ஏழையும் உண்டு. பொற்சங்கிலியில் மாட்டிக் கொள்ளும் சீமாட்டியும் உண்டு. இதைப் பார்க்கும் படித்த மனிதர், "இதுவும் ஒரு தாயத்துத்தானே!" என்று புன்னகை புரிகிறார். பக்தரோ, "இல்லவே இல்லை" என்று தலையை அசைக்கிறார். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் இருவரிடமும் பாதி நியாயம் இருப்பது தெரியும். இதைத் தாயத்தாக நினைக்காதீர்கள் என்று திருச்சபை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. சரி, சரி என்று கேட்டுக் கொண்டு, தாயத்தாகவே நினைத்து வருகிறவர்களும் அத்தனை ஆண்டுகளாக இருந்து வருகிறார்கள். இந்த நீண்ட வழக்கின் கதையைத்தான் இங்கே சொல்ல எண்ணுகிறேன்.

வழக்கின் முதல் வாதம் அந்தியோக்கியா நகரில் கேட்டது. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே யோவான் என்ற குருவானவர் பிரசங்கம் செய்து வந்தார். அவருடைய நாவன்மைக்காகப் பிற்காலத்தார் அவருக்குக் கிறிசோஸ்தம், அதாவது பொன்வாயர், என்று பெயர் கொடுத்தார்கள். அவர் ஒரு நாள் தம் சபையாரைப் பார்த்துக் கடிந்து கொண்டார். காரணம் என்ன தெரியுமா? மகா அலெக்ஸாந்தரின் தலை பொறித்த பழைய நாணயங்களை அந்த ஊரார் தலையிலும் காலிலும் கட்டிக் கொண்டிருந்தார்கள்! அலெக்ஸாந்தர் இறந்து அப்போது ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிலுவையில் உயிர் கொடுத்தவரை நம்புகிறோம் என்று சொல்லிக் கொண்டே, செத்துப் போன ஒரு கிரேக்க அரசனிடம் பாதுகாப்புத் தேடலாமா என்பது பொன்வாயரின் கேள்வி.

அதே நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம் இன்னும் கடுமையாகப் பேசியது. குருமார் மந்திரவாதிகளாகவும் சோதிடர்களாகவும் இருக்கக் கூடாது. தாயத்துச் செய்து கொடுக்கக் கூடாது. அவற்றை அணிகிறவர்களைச் சபையை விட்டு விலக்க வேண்டும் என்று விதி செய்தது. கதை எழுதுகிறவர்களுக்குச் சட்டப் புத்தகம் ஒரு நல்ல புதையல். எந்த ஊரில் எதைச் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறதோ, அதை அந்த ஊரில் யாரோ தாராளமாகச் செய்து கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். தாயத்துக் கட்டிக் கொடுத்தவர்களில் குருமாரும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த அலெக்ஸாந்தர் நாணயத்துக்கு எதிராக இன்னொரு நாணயத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அது பிரான்ஸ் தேசத்து நாணயம். ஐந்தாம் நூற்றாண்டில், பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் நாந்தேர் என்ற சிற்றூரில் ஜெனவீவ் என்று ஒரு சிறு பெண் இருந்தாள். ஒசேர் நகரின் மேற்றிராணியாரான ஜெர்மானுஸ், பிரிட்டன் தீவுக்குப் போகும் வழியில் அந்த ஊரில் தங்கினார். கூட்டத்தில் நின்ற ஜெனவீவை அழைத்துப் பேசினார். தன் வாழ்வைக் கடவுளுக்கே கொடுக்கப் போவதாக அந்தப் பெண் சொன்னாள். தரையில் கிடந்த ஒரு செப்புக் காசை அவர் எடுத்தார். அதில் சிலுவை அடையாளம் இருந்தது. அதைத் துளையிட்டுக் கழுத்தில் கட்டிக் கொள்ளும்படியும், பொன்னும் முத்தும் அந்தக் கழுத்தில் ஏற வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுத்தார் என்று அவளுடைய வாழ்க்கைச் சரிதம் கூறுகிறது. 451-ஆம் ஆண்டில் ஹூணர் தலைவன் அத்திலாவின் படை வருகிறது என்று பாரிஸ் மக்கள் மூட்டை கட்டிய போது, ஓட வேண்டாம் என்று தைரியம் சொல்லி நிறுத்தியவள் இதே ஜெனவீவ்தான் என்பது அந்த நகரத்து மரபு.

இரண்டுமே கழுத்துக்கு வந்த காசுகள்தாம். ஆனால் அந்தியோக்கியாக்காரன் தனக்கு எதுவும் நேரக் கூடாது என்று நாணயத்தைக் கட்டிக் கொண்டான். ஜெனவீவ் தான் கொடுத்த வாக்கு மறக்கக் கூடாது என்று கட்டிக் கொண்டாள். முன்னது கவசம், பின்னது கணையாழி. பதக்கத்தின் சரித்திரம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிற சரித்திரமே.

மத்திய காலத்தில் யாத்திரை பெருகியது. ஸ்பெயினில் சந்தியாகோ, பிரான்சில் ரொகமதூர், இங்கிலாந்தில் கான்டர்பரி என்று ஜனங்கள் மாதக் கணக்கில் நடந்தார்கள். போய் வந்ததற்கு அடையாளமாக, ஈயத்திலும் வெள்ளீயத்திலும் வார்த்த சின்னங்களை வாங்கித் தொப்பியிலும் அங்கியிலும் தைத்துக் கொண்டார்கள். சந்தியாகோவுக்குச் சிப்பி, கான்டர்பரிக்கு, 1170-இல் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டுண்ட தாமஸ் பெக்கெட்டின் உருவம். புனிதரின் சமாதியில் ஒரு முறை தொட்டு எடுத்தால் அந்தச் சின்னத்துக்கும் மகிமை வந்துவிடும் என்று நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் ஸேன் நதியின் சேற்றிலிருந்து இப்படிப்பட்ட ஈயச் சின்னங்கள் ஏராளமாகக் கிடைத்தன. ஃபோர்ஜே என்பவர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

இந்த ஈயச் சின்னங்களின் மேல் பெருங்காதல் கொண்டிருந்தவன் பிரெஞ்சு அரசன் பதினோராம் லூயி. 1461 முதல் 1483 வரை ஆண்டவன், தந்திரத்தில் நிகரில்லாதவன். கிரீடம் வைக்கும் தலையில் மலிவான தொப்பி ஒன்றைக் கவிழ்த்துக் கொண்டு, அதைச் சுற்றிலும் ஈய உருவங்களைக் குத்தி வைத்திருப்பானாம். அவனுக்கு மரணம் என்றால் குலை நடுங்கும். நோய் முற்றிய போது, தெற்கு இத்தாலியில் கலாப்ரியாவில் வாழ்ந்த பவுலாவூர் பிரான்சிஸ் என்ற துறவியை வரவழைத்தான். போப்பாண்டவரே சொல்லி அனுப்பிய பிறகுதான் துறவி புறப்பட்டார். அவர் வந்ததும் அரசன் அவர் காலடியில் மண்டியிட்டு, தன் ஆயுளை நீட்டித்துத் தர வேண்டும் என்று கெஞ்சினான். துறவி ஆயுளை நீட்டவில்லை. நல்ல சாவுக்கு மனத்தைத் தயார் செய்யும்படி போதித்தார். 1483 ஆகஸ்டில் அரசன் இறந்தான். தொப்பி நிறையப் பாதுகாப்பு வைத்திருந்தவனுக்கு, கடைசியில், ஒன்றுமே அணியாத ஒரு ஏழைத் துறவிதான் அச்சத்தைத் தாங்கக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் வழக்கு சூடு பிடித்தது. 1517-இல் ஜெர்மனியில் லூத்தர் கிளப்பிய புயல், பாவ தண்டனைச் சலுகைகள், புனிதர்களின் எலும்புகள், உருவங்கள் எல்லாவற்றையும் கேள்விக்கு இழுத்தது. பதில் சொல்லக் கூடிய திரெந்து சங்கம் 1563 டிசம்பரில் தன் கடைசிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் செய்தது. உருவங்களுக்கு மரியாதை செய்யலாம். ஆனால் அவற்றுக்குள் ஏதோ தெய்வத் தன்மையோ சக்தியோ குடியிருப்பதாக நினைக்கக் கூடாது. அவற்றையே நம்பி வரம் கேட்கக் கூடாது. மரியாதை உருவத்தைக் கடந்து உரியவரைச் சென்று சேர வேண்டும். பொன்வாயரின் பேச்சே இப்போது சட்டமாக வந்தது.

இதற்குப் பிறகு மூன்றே ஆண்டுகளில் பதக்கம் அரசியலிலும் இறங்கியது. 1566-இல் நெதர்லாந்தில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்தவர்கள் தங்களுக்கென்று ஒரு பதக்கம் அடித்து அணிந்தார்கள். ஸ்பானியர் பதிலுக்கு, ஒரு பக்கம் இரட்சகரும் மறுபக்கம் ஹால் நகர் மாதாவும் பொறித்த பதக்கத்தை அடித்துத் தொப்பியில் குத்திக் கொண்டார்கள். அதை அணிகிறவர்களுக்குப் போப்பாண்டவர் ஐந்தாம் பத்திநாதர் ஞானச் சலுகைகள் அளித்தார். பதக்கங்களை மந்திரித்துச் சலுகை கொடுக்கும் வழக்கம் பரவியது இதிலிருந்துதான் என்று சொல்வார்கள். காக்க வந்த சின்னம் கட்சிக் கொடியாகவும் ஆயிற்று.

கட்சிக் கொடியைப் பிடித்தால் அடி விழத்தானே செய்யும்? இங்கிலாந்தில் எலிசபெத் ராணியின் பார்லிமெண்டு 1571-இல் ஒரு சட்டம் இயற்றியது. போப்பாண்டவர் மந்திரித்த சிலுவை, படம், ஜெபமாலை, 'ஆக்னுஸ் தேயி' முதலியவற்றை நாட்டுக்குள் கொண்டு வருவது குற்றம் என்றது. ஆக்னுஸ் தேயி என்பது மெழுகினால் ஆன வட்டப் பதக்கம். அதில் செம்மறியாட்டுக் குட்டியின் உருவம் பதித்திருக்கும். புயல், தீ, வெள்ளம், பிரசவ ஆபத்து இவற்றிலிருந்து அது காக்கும் என்று மக்கள் போற்றி வைத்திருந்தார்கள்.

கதபெர்ட் மெய்ன் என்ற இளம் பாதிரியார் கார்ன்வால் பகுதியில் கோல்டன் என்ற மாளிகையில் காரியஸ்தர் போல வேடம் பூண்டு தங்கியிருந்தார். 1577-இல் ஷெரீப் ரிச்சர்ட் கிரென்வில் ஆட்களோடு வந்து மாளிகையைச் சோதனை போட்டார். பாதிரியாரின் மார்பைத் தடவிய போது ஆக்னுஸ் தேயி கையில் சிக்கியது. வேறு குற்றங்களோடு இதுவும் சேர்ந்தது. அவ்வருஷம் நவம்பரில் லான்செஸ்டன் சந்தைத் திடலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். புயலிலிருந்து காக்க வேண்டிய மெழுகு அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது! அதைக் கழற்றி எறிந்திருக்கலாம், ஒளித்தாவது வைத்திருக்கலாம். அதனால் ஆபத்து வரும் என்று தெரிந்தும் அவர் அணிந்திருந்தார். இங்கே அது கவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜெனவீவின் செப்புக் காசாக, கொடுத்த வாக்கின் சாட்சியாகவே இருந்தது. திருச்சபை 1970-இல் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

இன்னொரு பதக்கத்தையும் பார்க்க வேண்டும். அது ஆசீர்வாதப்பர் பதக்கம். அதில் ஒரு சிலுவையும், சிலுவையின் மேலும் சுற்றிலும் ஒன்றோடொன்று சேராத லத்தீன் எழுத்துக்களும் இருக்கும். பார்ப்பதற்கு நம் ஊர் மந்திரத் தகட்டைப் போலவே இருக்கும். 1647-இல் ஜெர்மனியில் பவேரியா நாட்டில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டிச் சில பெண்களை விசாரித்தார்கள். மெட்டன் மடத்தின் மேல் மட்டும் எங்கள் வித்தை பலிக்கவில்லை, அங்கே சிலுவையின் காவல் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்களாம். மடத்துக்குப் போய்ப் பார்த்தால், சுவர்களில் சிலுவைகளும் புரியாத எழுத்துக்களும் தீட்டியிருந்தன. எழுதி வைத்த பொருளை மடத்தாரே மறந்து போயிருந்தார்கள். பிறகு மடத்து நூல் நிலையத்தில் 1415-ஆம் ஆண்டுச் சுவடி ஒன்று அகப்பட்டது. அதில் ஆசீர்வாதப்பரின் படமும் அந்த எழுத்துக்களின் விரிவும் இருந்தன. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பிரார்த்தனைச் சொல்லின் முதலெழுத்து. 'சாத்தானே, விலகிப் போ. நீ நீட்டுகிற விஷத்தை நீயே குடித்துக் கொள்' என்பது அதன் கருத்து. ஆசீர்வாதப்பருக்கு விஷக் கிண்ணம் கொடுத்ததாகவும், அவர் சிலுவை வரைந்ததும் கிண்ணம் உடைந்ததாகவும் ஒரு பழங்கதை உண்டு. அவர் பிறந்த ஆயிரத்து நானூறாவது ஆண்டுக்காக 1880-இல் அடித்த பதக்கத்தில் அந்தக் கிண்ணமும் இடம் பெற்றிருக்கிறது.

இந்தக் கதையைப் படிக்கும் போதெல்லாம் என் மனம் மடத்தை விட்டுச் சிறைக்குப் போய்விடுகிறது. மடத்துச் சுவரில் எழுத்துக்களின் காவல் இருந்தது, சரி. விசாரணை மேடையில் நின்ற அந்தப் பெண்களின் கழுத்தில் என்ன இருந்தது? அன்றைய ஐரோப்பாவில் சூனியக்காரி என்ற ஒரு சொல், எத்தனையோ ஏழைப் பெண்களைச் சிதைக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தது. பயந்த மனிதன் தனக்குக் காவல் தேடுவதோடு நிற்பதில்லை. தன் பயத்துக்குக் காரணமாக யாரையாவது பிடித்துக் கட்டவும் கிளம்பிவிடுகிறான். பதக்கத்தின் பெருமையைச் சொல்லும் கதைக்குள் இந்தப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பதக்கம் எப்படி 'வேலை செய்கிறது' என்று திருச்சபை சொல்வதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். ஞானஸ்நானம் முதலான ஏழு பெரிய சடங்குகள் வேறு. பதக்கம், தீர்த்தம், மந்திரித்த மெழுகுவத்தி போன்ற துணைச் சின்னங்கள் வேறு. துணைச் சின்னத்துக்கு அதன் சொந்த பலம் என்று ஒன்றும் கிடையாது. சபையின் வேண்டுதலும் அணிகிறவரின் உள்ளமும் சேர்ந்தால்தான் அதற்குப் பயன். கடையில் விற்பது வெறும் உலோகம். குருவானவர் அதை ஆசீர்வதித்துத் தர வேண்டும். அந்த ஆசீர்வாதத்துக்கு விலை வைத்தால் அது பாவம். உள்ளத்தை விட்டுவிட்டு வெளிச் சடங்கிலேயே பலன் இருக்கிறது என்று நினைப்பது மூடநம்பிக்கை என்று, 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க வேதபோதக நூலும் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது.

இப்போது மறுபடியும் பாரிஸ் நகருக்குப் போவோம். ஜெனவீவின் ஊருக்கு அருகிலேதான், பதினான்கு நூற்றாண்டு கழித்து, உலகத்திலேயே மிகுதியாகப் பரவிய பதக்கங்களுள் ஒன்று பிறந்தது.

காதரீன் லபூரே 1806-இல் பர்கண்டிப் பகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தாள். ஒன்பது வயதில் தாயை இழந்தாள். அன்று அவள் நாற்காலியின் மேல் ஏறி, அலமாரியில் இருந்த மாதா சிலையைக் கட்டிக் கொண்டு, இனி நீதான் எனக்கு அம்மா என்று சொன்னதாக ஒரு வேலைக்காரி பார்த்துச் சொல்லியிருக்கிறாள். சிறு வயதிலேயே குடும்பப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. மாடு, கோழி, புறா, வயலில் உழைப்போருக்குச் சாப்பாடு என்று நாள் ஓடிற்று. எழுதப் படிக்கக் கற்றதே பின்னால்தான். கன்னிகாஸ்திரீ ஆக வேண்டும் என்று கேட்ட போது தந்தை மறுத்தார். பாரிஸில் சகோதரன் நடத்திய உணவு விடுதிக்கு வேலை செய்ய அனுப்பினார். கடைசியில் 1830 ஏப்ரலில், வின்சென்ட் தெ பால் நிறுவிய தர்ம சகோதரிகள் சபையில், பாக் தெருவிலுள்ள மடத்தில் அவள் சேர்ந்தாள்.

அந்த ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி இரவும், நவம்பர் 27-ஆம் தேதி மாலையும் மடத்துக் கோயிலில் மாதாவைக் கண்டதாக அவள் தன் ஞானகுருவான அலடேல் பாதிரியாரிடம் சொன்னாள். இடையில் ஜூலை மாதக் கடைசியில் பாரிஸில் புரட்சி வெடித்துப் பத்தாம் சார்ல்ஸ் அரசன் சிம்மாசனத்தை இழந்திருந்தான். நவம்பரில் கண்ட காட்சியில் மாதா உலக உருண்டையின் மேல் நின்றாளாம், காலடியில் சர்ப்பம், விரித்த கைகளின் மோதிரங்களிலிருந்து ஒளிக் கதிர்கள். சில மணிகளிலிருந்து மட்டும் ஒளி வரவில்லை. அவை மனிதர்கள் கேட்க மறந்துவிட்ட வரங்கள் என்று காதரீனுக்கு விளங்கியதாம். இந்த வடிவத்தில் ஒரு பதக்கம் செய்ய வேண்டும் என்பது கட்டளை. மறுபக்கத்தில் சிலுவையோடு பின்னிய 'எம்' என்ற எழுத்து, இரண்டு இருதயங்கள், பன்னிரண்டு நட்சத்திரங்கள்.

காட்சி உண்மையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் கேட்க மறந்த வரங்கள் என்ற அந்த எண்ணம் இருக்கிறதே, அது படிப்பறிவு குறைந்த ஒரு குடியானவப் பெண்ணின் மனத்தில் எழுந்தது என்றால், கதாசிரியர்கள் அவளை வணங்க வேண்டியதுதான்.

அலடேல் பாதிரியார் முதலில் நம்பவில்லை. வீண் கற்பனையை விட்டுவிடு என்று கண்டித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் யோசித்த பிறகே, பெயரைச் சொல்லாமல், அதிமேற்றிராணியார் கெலனிடம் விஷயத்தைக் கொண்டு போனார். அவர் அனுமதி அளித்தார். வஷெத் என்ற பொற்கொல்லரிடம் வேலையை ஒப்படைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாரிஸில் காலரா புகுந்தது. 1832 மார்ச் மாதக் கடைசியில் தொடங்கியது; சில மாதங்களுக்குள் நகரில் பதினெண்ணாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பிரதம மந்திரி கஸிமிர் பெரியேயே மே மாதத்தில் அதற்குப் பலியானார். தண்ணீரிலும் மதுவிலும் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, சந்தேகப்பட்டவர்களைத் தெருவிலேயே அடித்துக் கொன்றார்கள். மறுபடியும் பார்த்தீர்களா, பயந்தவன் குற்றவாளியைத் தேடுகிறான்! வைத்தியர்களுக்கு நோயின் காரணமே தெரியாது. அசுத்தத் தண்ணீரே காரணம் என்று லண்டனில் ஜான் ஸ்நோ எடுத்துக் காட்ட 1854 வரையிலும், கிருமியை ராபர்ட் காக் தெளிவாக நிறுவ 1884 வரையிலும் உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே 1832-இல் மருந்தைத் தள்ளிவிட்டு மக்கள் பதக்கத்தைப் பிடித்தார்கள் என்று நாம் ஏளனம் செய்ய முடியாது. தள்ளுவதற்கு மருந்து எங்கே இருந்தது?

ஜூன் மாதக் கடைசியில் முதல் ஆயிரத்து ஐந்நூறு பதக்கங்கள் வந்து சேர்ந்தன. தர்ம சகோதரிகள் நோயாளிகளுக்கு அவற்றைக் கொடுத்தார்கள். குணம் அடைந்தவர்கள் சொன்ன கதைகள் பரவின. ஜனங்கள் அதற்கு 'அற்புதப் பதக்கம்' என்று தாங்களாகவே பெயர் சூட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் பதக்கம் லட்சக் கணக்கில் பெருகிக் கடல் தாண்டியது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பதக்கம் தனியாக வரவில்லை. கணவனை மனைவி தொட அஞ்சிய நாளில், வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவன் அருகில் உட்கார்ந்து, வாயில் தண்ணீர் விட்டு, துணி மாற்றி, கண்ணை மூடிவிட்ட ஒரு பெண்ணின் கையிலிருந்து அது வந்தது. நோயாளி அந்த உலோகத்தைப் பற்றிக் கொண்டான் என்றால், அதைக் கொடுத்த கையையும் சேர்த்துத்தான் பற்றிக் கொண்டான். உன்னை யாரும் கைவிடவில்லை என்று சொல்ல, அந்த அறைகளில் வேறு பாஷை இருக்கவில்லை.

பதக்கத்தின் புகழை உச்சிக்குக் கொண்டு போன சம்பவம் ரோமாபுரியில் நடந்தது. அல்ஃபோன்ஸ் ரதிஸ்போன் என்பவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் செல்வந்த யூதக் குடும்பத்து இளைஞர். அண்ணன் கிறிஸ்தவனாகிப் பாதிரியாரும் ஆகிவிட்டதில் அவருக்குத் தாங்காத கோபம். ரோமாபுரியில் புஸியேர் பிரபு என்ற நண்பர், "இந்தப் பதக்கத்தை அணிந்து கொள்ளப் பயமா?" என்று சவால் விட்டார். ரதிஸ்போன் சிரித்துக் கொண்டே மாட்டிக் கொண்டார். 1842 ஜனவரி 20-ஆம் தேதி நண்பருடன் ஒரு கோயிலுக்குள் நுழைந்தவர், பதக்கத்தில் உள்ள வடிவத்திலேயே மாதாவைக் கண்டதாகச் சொல்லிக் கண்ணீரோடு மண்டியிட்டார். அவர் கிறிஸ்தவரானார், பாதிரியாராகிப் பிற்கால வாழ்வை ஜெருசலேமில் கழித்தார். ஐரோப்பா முழுவதும் இதையே பேசியது. ஆனால் இப்படிப்பட்ட வெற்றிக் கதைகளுக்கு ஒரு தீங்கும் உண்டு. சவாலுக்கு மாட்டிய பதக்கமே ஒரு மனிதரை மாற்றிவிட்டது என்றால், அதை மாட்டினால் போதாதா என்று சாதாரண மனம் கணக்குப் போட்டுவிடும். அலெக்ஸாந்தர் நாணயம் மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

அது இன்றும் எட்டிப் பார்க்கிறது. குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்ததாகக் கதையில் வரும் கிறிஸ்தோபரை எடுத்துக் கொள்ளுங்கள். அவருடைய உருவத்தைப் பார்த்த அன்று திடீர் மரணம் வராது என்று மத்திய காலத்தில் நம்பினார்கள். கோயில் வாசலுக்கு எதிர்ச் சுவரில் அவரைப் பெரிதாக எழுதி வைத்தார்கள். மோட்டார் வந்த பிறகு அவர் வண்டிக்குள்ளே பதக்கமாக ஏறிக் கொண்டார். 1969-இல் திருநாள் பஞ்சாங்கத்தைத் திருத்திய போது, சரித்திர ஆதாரம் குறைவு என்று அவருடைய திருநாளைப் பொதுப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்தந்த ஊரார் கொண்டாடலாம் என்று விட்டார்கள். புனிதர் பதவியே போய்விட்டது என்று புரளி கிளம்பியது. அது தவறு என்பது ஒரு புறம் இருக்கட்டும். பதக்கத்தை வண்டியிலிருந்து கழற்றியவர்கள் மிகச் சிலரே. ஆனால், தோளில் ஒரு குழந்தையைச் சுமந்து செல்கிறவன் எவ்வளவு நிதானமாக அடி எடுத்து வைப்பான் என்பதை அந்தப் பதக்கத்தைப் பார்த்து நினைத்துக் கொள்ளும் வண்டியோட்டி எத்தனை பேர்?

இவ்வளவு ஆரவாரம் நடந்து கொண்டிருந்த போது காதரீன் எங்கே இருந்தாள்? 1831 முதல், பாரிஸின் ஒரு கோடியில் ரெயியில் இருந்த முதியோர் விடுதியில் இருந்தாள். நாதியற்ற கிழவர்களுக்குக் கஞ்சி கொடுத்தாள், அவர்கள் துணியை வெளுத்தாள், கோழிகளுக்குத் தீனி போட்டாள், வாசற்கதவைக் காத்தாள். காட்சி கண்டது யார் என்று அவளோடு உணவு மேஜையில் உட்கார்ந்த சகோதரிகளே அவள் முன்னால் விவாதித்துக் கொண்டிருந்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. 1836-இல் அதிமேற்றிராணியார் விசாரணை நடத்திய போதும் வெளியே வர மறுத்துவிட்டாள். தன்னுடைய பதக்கத்தைக் கையில் வாங்கிய நாளிலும், இனி இதைப் பரப்ப வேண்டும் என்றதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். நாற்பத்தாறு ஆண்டுகள்! 1876-இல், முடிவு நெருங்குகிறது என்று உணர்ந்து மடத் தலைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவ்வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி இறந்தாள். 1947-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவளைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். அதற்குள் அந்தப் பதக்கம் உலகத்தின் எல்லாக் கண்டங்களிலும் தொங்கிக் கொண்டிருந்தது.

பதக்கம் காப்பாற்றுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இவளைத்தான் காட்டுவேன். அவளும் அதை அணிந்திருந்தாள். அது அவளுக்கு என்ன கொடுத்தது? நோயில்லா உடம்பைக் கொடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் மூட்டு வலியோடுதான் நடந்தாள். பெயரையும் கொடுக்கவில்லை, பணத்தையும் கொடுக்கவில்லை. ஆனால் முணுமுணுக்கிற கிழவர்களுக்கு நடுவில், அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் எழுந்து கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றும் தெம்பைக் கொடுத்தது. பதினோராம் லூயியின் தொப்பியில் இருந்த அத்தனை ஈயமும் சேர்ந்து ஒரு நாளுக்குக் கூடக் கொடுக்க முடியாத தெம்பு அது.

அச்சம் மனிதனை விட்டுப் போகப் போவதில்லை. ஆகவே கழுத்தில் எதையாவது கட்டிக் கொள்ளும் வழக்கமும் போகப் போவதில்லை. கட்டிக் கொள்ளட்டும். தனக்கு ஒன்றும் வரக் கூடாது என்று மட்டும் கட்டிக் கொண்டால் அது அந்தியோக்கியா நாணயம். நூல் அறுந்தால் தைரியமும் அறுந்துவிடும். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்திருக்கும் போது மார்பில் தட்டி, நீ யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்று அது நினைவூட்டினால், அதற்குப் பிறகு அது செம்பாய் இருந்தால் என்ன, ஈயமாய் இருந்தால் என்ன?